அலை அடங்கிய கடல்: சிட்னியின் துறைமுகக் கடற்கரைகளில் குடும்பத்தோடு நீந்தப் போகிறவர்களுக்கு

மேலூரிலிருந்து வந்திருந்த அம்மாவை முதல் ஞாயிற்றுக்கிழமை பால்மோரல் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்று பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "இது கடலா, கம்மாயா?" கடல்தாம்மா என்றேன். நம்பவில்லை. குனிந்து உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புத்தான். அப்ப அலையெல்லாம் எங்க போச்சு?"

அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. அலை ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டால், துறைமுகக் கடற்கரையைப் பற்றி ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி தெரிந்துவிடும். எங்கே இறங்கலாம், எந்த நாளில் போகக் கூடாது, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் ஈழத்திலிருந்தும் புதிதாக சிட்னிக்கு வந்து மேற்குப் புறநகர்களில் குடியேறும் குடும்பங்கள் பலவற்றுக்குக் கடற்கரை என்றால் திறந்த கடலைப் பார்த்திருக்கும் பாண்டை (Bondi) மட்டும்தான். அங்கே போய் அலையைப் பார்த்துப் பயந்து, கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

'துறைமுகம்' என்றதும் கிரேனும் கப்பலும் எண்ணெய் மிதக்கும் தண்ணீரும் மனதில் வருவது இயல்பு. ஆனால் துறை என்ற சொல்லுக்கு நம்மிடம் பழைய பொருள் ஒன்று உண்டு. நீரில் இறங்கும் இடம், குளிக்கும் இடம். படித்துறை என்கிறோமே, அந்தத் துறை. சிட்னி துறைமுகம் சுமார் 55 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரிய நீர்ப்பரப்பு. கப்பல் வந்து நிற்பது அதில் சில மூலைகளில் மட்டும். மற்ற வளைவுகளில் சின்னச் சின்ன மணல் துறைகள் நிறைய இருக்கின்றன.

நம் மீனவர்களுக்கு இந்த வேறுபாடு எப்போதோ தெரியும். தனுஷ்கோடியில் ஒரு பக்கத்துக் கடலை ஆண் கடல் என்றும் மறுபக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் சீறும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். ராமேஸ்வரத்து அக்னி தீர்த்தத்தில் வயதானவர்கள்கூட நின்று முழுக்குப் போட முடிவது இதனால்தான். யாழ்ப்பாணத்துக்காரர்கள் காரைநகர் கசூரினா கடற்கரையை நினைத்துக்கொள்ளலாம். அந்த மொழியில் சொன்னால் பாண்டை ஆண் கடல், பால்மோரல் பெண் கடல்.

இந்த அமைதி எப்படி வந்தது? சிட்னி துறைமுகம் உண்மையில் மூழ்கிப்போன ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனி யுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. மணற்கல் பாறையை அறுத்துக்கொண்டு பாரமட்டா ஆறு ஓடிய பள்ளத்தாக்கு அப்போது உலர்ந்த நிலம். பனி உருகக் கடல் ஏறியது; ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய அளவை எட்டியது. பள்ளத்தாக்கு முழுவதும் கடல்நீர் புகுந்தது. பக்கவாட்டு ஓடைகள் ஓடிய பள்ளங்கள் குட்டி வளைகுடாக்களாகவும், இடையில் இருந்த மேடுகள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனைகளாகவும் ஆயின. அதனால்தான் இதன் வரைபடம் ஓக் இலையின் ஓரம்போல் நெளிந்து நெளிந்து இருக்கிறது.

இந்தப் பெரிய நீர்ப்பரப்புக்கும் பசிபிக் கடலுக்கும் நடுவே ஒரே ஒரு வாசல்தான். வடமுனை, தென்முனை என்ற இரண்டு பாறைத் தலைகளுக்கு இடையே உள்ள திறப்பு அது. உள்ளூரில் ஹெட்ஸ் என்பார்கள். வெளியே, திறந்த கடலில், சராசரி அலை உயரம் 1.6 மீட்டர் அளவு. பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்கிலிருந்து வருகிறது. அது முழு வேகத்தில் பாண்டையில் மோதுகிறது. ஹெட்ஸ் வழியாக உள்ளே நுழையும் அலைக்கோ அகலம் திடீரென்று கூடிவிடுகிறது. மடையைத் திறந்ததும் சீறி வரும் தண்ணீர், வயலில் பரவியதும் கணுக்கால் அளவுக்கு அடங்கிவிடும் அல்லவா? கிட்டத்தட்ட அப்படித்தான். அலையின் பலம் விசிறிபோல் விரிந்து, முனைகளைச் சுற்றி வளைந்து, ஆழம் குறைந்த இடங்களில் தேய்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சமே மிஞ்சுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. காற்று அலையை எழுப்ப நீண்ட தூரம் தடையில்லாத நீர் வேண்டும். துறைமுகத்துக்குள் அந்தத் தூரம் கிடைப்பதில்லை. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் சில கிலோமீட்டருக்குள் ஒரு கரை வந்துவிடும்.

ஆனால் எல்லாத் துறைமுகக் கடற்கரையும் ஒரே அளவு மறைவானது கிடையாது. இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு பழைய கதை. 1923-24இல், பால்மோரலின் வடகோடியில் வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய திறந்தவெளி அரங்கம் கட்டினார்கள். கட்டியவர்கள் ஜே. கிருஷ்ணமூர்த்தியை வரப்போகும் உலக ஆசானாக நம்பிய 'கிழக்கின் நட்சத்திரம்' அமைப்பினர். அடையாற்றில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையோடு நெருங்கிய தொடர்புள்ளவர்கள். 1929இல் கிருஷ்ணமூர்த்தியே அந்த அமைப்பைக் கலைத்துவிட்டார். அரங்கமும் 1951இல் இடிக்கப்பட்டு, இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். ஆசான் அந்தக் கடல் வாசல் வழியாக நீர்மேல் நடந்து வருவார் என்று காத்திருந்தார்கள் என ஊரில் ஒரு வதந்தி அன்று முதல் சுற்றிக்கொண்டிருக்கிறது. வதந்தி எப்படியோ போகட்டும். அது கிளம்பியதற்கான காரணம் மட்டும் இன்றும் கண்ணெதிரே இருக்கிறது. பால்மோரலில் நின்று பார்த்தால் ஹெட்ஸ் நேர் எதிரே தெரியும். வெளிக்கடலின் அடிவானம் தெரியும்.

எனக்கு இது ஒரு நல்ல அளவுகோலாகிவிட்டது. எந்தக் கடற்கரைக்குப் போனாலும் முதலில் மணலில் நின்று, இங்கிருந்து வெளிக்கடல் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால், வெளியே கடல் கொந்தளிக்கும் நாளில் இங்கும் அலை வரும். பால்மோரலில் புயல் நாட்களில் நிஜமாகவே அலை வந்து கரைச்சுவரில் அடிக்கும். தெரியாவிட்டால், சுற்றிலும் நிலம் மறைத்திருந்தால், அது இன்னும் அடங்கிய இடம். அப்புறம், கோடைப் பிற்பகல்களில் எழும் வடகிழக்குக் கடற்காற்று, அந்தத் திசையை நோக்கித் திறந்திருக்கும் கரைகளில் தண்ணீரைச் சலசலக்க வைக்கும். அதனால் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் காலை நேரமே நல்லது.

சரி, அலை இல்லாததால் என்ன லாபம்? பெரிய லாபம், இழுவை நீரோட்டம் இல்லாதது. இங்கே ரிப் என்பார்கள். திறந்த கடற்கரையில் அலைகள் உடைந்து தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணல் திட்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஆறுபோல் கடலுக்குள் ஓடும். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் பெரும்பாலும் அந்தப் பள்ளம். பழக்கமில்லாதவர்கள் அங்கேதான் போய் இறங்குவார்கள். அதனால்தான் பாண்டை போன்ற இடங்களில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளிக்கச் சொல்கிறார்கள். துறைமுகத்துக்குள் அலை உடைவதில்லை. ஆகவே இந்த இழுவையும் சாதாரண நாட்களில் இல்லை. நீச்சல் பழகும் பிள்ளைக்கும், முதல் தடவை கடலில் இறங்கும் அறுபது வயது அம்மாவுக்கும் இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இதே இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலையை வெளியே நிறுத்துகிற அதே நிலம்தான் உள்ளே இருக்கும் தண்ணீரையும் வெளியே விடாமல் வைத்திருக்கிறது. திறந்த கடற்கரையில் அழுக்கு விழுந்தால் அலையும் நீரோட்டமும் சீக்கிரம் வாரிக்கொண்டு போய்விடும். மறைவான வளைவில் அது தங்கும். பெருமழை பெய்தால் சாலை, கூரை, நாய் அசிங்கம், குப்பை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு மழைநீர்க் குழாய்கள் நேராகத் துறைமுகத்தில்தான் கொட்டுகின்றன. சில இடங்களில் கழிவுநீர்க் குழாயும் நிரம்பி வழிந்து அதோடு சேரும். கடற்கரை நீரைச் சோதித்துச் சொல்ல நியூ சவுத் வேல்ஸ் அரசு நடத்தும் பீச்வாட்ச் திட்டம் 1989 முதல் இருக்கிறது. அவர்கள் சொல்லும் பொது விதி: பெருமழைக்குப் பிறகு திறந்த கடற்கரையில் ஒரு நாள் இறங்க வேண்டாம், துறைமுகக் கடற்கரையில் மூன்று நாள் வரை இறங்க வேண்டாம். ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள அந்த வித்தியாசம் முழுவதும் மறைவினால் வந்தது.

இந்த விதியை நான் மிகவும் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்கிறேன். மழை விட்ட மறுநாள் வெயில் பளிச்சென்று அடிக்கும், பிள்ளைகள் கிளம்பலாம் கிளம்பலாம் என்று நச்சரிப்பார்கள், தண்ணீரும் தூரத்திலிருந்து பார்க்க நீலமாகத்தான் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால் ஓரத்தில் சருகும் பிளாஸ்டிக்கும் பழுப்பு நுரையும் ஒதுங்கியிருக்கும். குழந்தைகள் நீந்தும்போது தண்ணீரை விழுங்குவார்கள். வயிற்றுப்போக்கு, காதுவலி, கண் சிவப்பு எல்லாம் அதிலிருந்து வருவதுதான். பீச்வாட்ச் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கடற்கரைக்கும் மாசு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. வண்டியைக் கிளப்புமுன் போனில் அதைப் பார்க்க அரை நிமிடம் போதும். மழை பெய்யாத நாளிலும், மணலில் வந்து திறக்கும் மழைநீர்க் குழாய்க்கு முன்னால் தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான குட்டையில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். அவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

கலங்கிய தண்ணீருக்கு இன்னொரு பயமும் உண்டு. காளைச் சுறாக்கள் வெதுவெதுப்பான மாதங்களில், அதாவது கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும், சிட்னி துறைமுகத்துக்குள் வரும். ஆற்றுநீர் கலந்த கலங்கல் தண்ணீர் அவற்றுக்குப் பழக்கமானது. 2024 ஜனவரியில் எலிசபெத் பே பகுதியில், இருட்டும் நேரத்தில் நீந்திய ஒரு பெண்ணைக் கடித்தது இந்த வகைச் சுறாதான் என்று கருதப்படுகிறது. இதனால் துறைமுகத்தையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. விடியலிலும் அந்தியிலும் கலங்கலிலும் இறங்காமல் இருப்பது, வலை கட்டிய அடைப்புக்குள் நீந்துவது, இவை இரண்டும் எங்கள் வீட்டுப் பழக்கம்.

அந்த வலையைப் பற்றிப் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. பெரிய கடற்கரைகளுக்கு வெளியே போடும் சுறா வலை 150 மீட்டர் நீளமும் 6 மீட்டர் உயரமும் உள்ள ஒரு துண்டு. அதன் மேலேயும் பக்கத்திலும் சுறா தாராளமாகச் சுற்றிப் போகலாம்; அது வேலி கிடையாது. துறைமுகத்து நீச்சல் அடைப்பு வேறு மாதிரி. தரை முதல் நீர்மட்டம் வரை, ஒரு கரையிலிருந்து மறு கரை வரை, அல்லது மர நடைமேடையைச் சுற்றி, முழுதாகக் கட்டிய வேலி அது. அலை இல்லாத இடத்தில்தான் அப்படி ஒரு வலை பிய்ந்துபோகாமல் நிற்க முடியும். பால்மோரலின் தென்பகுதியில் மர நடைமேடையோடு கூடிய அடைப்பு இருக்கிறது. வோக்ளூஸ் பகுதியில் நீல்சன் பூங்காவை ஒட்டிய கரைக்குப் பெயரே சுறாக் கடற்கரை. அங்கே கோடையில் மட்டும் வலை கட்டி, குளிர்காலத்தில் எடுத்துவிடுவார்கள். பார்ஸ்லி பே, கிளான்டார்ஃப், லிட்டில் மேன்லி ஆகிய இடங்களிலும் அடைப்பு உண்டு.

அலை இல்லாத இடத்தில் நாம் கொஞ்சம் அசந்துவிடுகிறோம். எனக்கே நடந்தது. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. நீர் இறங்கியிருந்த நேரம். இடுப்பளவு தண்ணீரில் நான் நிற்க, அவள் எனக்கும் கரைக்கும் நடுவே முழங்கால் அளவில் குதித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்ததால் அடியில் மணலின் வரிகள்கூடத் தெரிந்தன. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தபடி பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டில் தலை காணவில்லை. மணல் அங்கே சட்டென்று சரிந்திருக்கிறது. கை எட்டும் தூரம் என்பதால் உடனே தூக்கிவிட்டேன். அவள் கத்தவே இல்லை. சத்தமே வரவில்லை. தூக்கிய பிறகு இருமினாள், அப்புறம்தான் அழுதாள். என் காதில் விழுந்ததெல்லாம் பின்னால் யாரோ வடைப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம்தான்.

பிள்ளைகள் மூழ்கும்போது கத்த மாட்டார்கள், கையை வீச மாட்டார்கள். மூச்சு இழுக்கவே நேரமில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை எப்போதும் ஒரு கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய உயிர்காப்பு அமைப்புகள் சொல்வது இதனால்தான். நம் குடும்பங்கள் கடற்கரைக்குப் போவது நான்கு கார், இருபது பேர், புளியோதரை அடுக்கோடு. பெரியவர்கள் அதிகம் இருப்பதாலேயே யாரும் பார்ப்பதில்லை. "நீங்க பாத்துக்குவீங்கன்னு நான் நெனச்சேன் அண்ணா" என்ற வாக்கியம் வராமல் இருக்க, நாங்கள் ஒரு பச்சைத் தொப்பி வைத்திருக்கிறோம். அதைப் போட்டிருப்பவர் தண்ணீரை மட்டும்தான் பார்க்க வேண்டும். போன் இல்லை, பேச்சு இல்லை, தட்டு இல்லை. இருபது நிமிடம் ஆனதும் தொப்பி அடுத்தவர் தலைக்குப் போகும். துறைமுகக் கடற்கரைகள் பலவற்றில் கொடியோ உயிர்காப்பாளரோ இல்லை. அந்தத் தொப்பிதான் எங்களுக்கு எல்லாம். ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 000.

நீர் ஏறி இறங்குவதைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சிட்னியில் ஒரு நாளில் இரண்டு தடவை கடல் ஏறி, இரண்டு தடவை இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதிகபட்ச நாட்களில் இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் 2 மீட்டர்வரை போகும். காலையில் பிள்ளைக்கு இடுப்பளவு இருந்த இடம் மதியம் தலைக்கு மேல் ஆகிவிடும். துறைமுகத்தின் நடுவே உள்ள டெனிசன் கோட்டைத் தீவில் அளக்கும் ஓத நேரத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். வானிலைச் செயலிகளில் கிடைக்கும். ஸ்பிட் பாலம்போல் நீர்வழி குறுகும் இடங்களில் இந்த ஏற்ற இறக்கமே வேகமான ஓட்டமாகிவிடும். அதனால் அங்கே கால்வாய் ஓரம் வரை நீந்திப் போகாதீர்கள். மேன்லி கோவ், வாட்சன்ஸ் பே பக்கங்களில் படகு போன சில நிமிடம் கழித்து, எதிர்பாராமல் நாலைந்து அலை வரிசையாக வந்து கரையோரம் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் புரட்டும். படகைக் கண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொள்வதே என் வழக்கம்.

உடை விஷயத்தில் நம் பெண்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் பருத்திச் சுடிதாரும் ஜீன்ஸும் நனைந்தால் கல்லாகக் கனக்கும். துப்பட்டா காலில் சுற்றும். உடல் முழுதும் மூடிய நீச்சல் உடைகள் இங்கே சாதாரணமாகக் கிடைக்கின்றன. புர்கினி என்ற உடையே 2004இல் சிட்னியில் வடிவமைக்கப்பட்டதுதான். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோடையில் இங்கே புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும். 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறார்கள். நம் கருப்புத் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டையும் கிரீமும் கட்டாயம்.

பாறைகளில் சிப்பிகள் பிளேடுபோல் இருக்கும். ரப்பர் செருப்போடு ஏறுங்கள். பாறைக் குழிகளில் உள்ளங்கைக்குள் அடங்கும் நீலவளைய ஆக்டோபஸ் இருக்கக்கூடும், அழகாக இருக்கிறதென்று தொடக் கூடாது, அதன் விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. நீலநிறக் குமிழிச் சொறிமீன் துறைமுகத்துக்குள் வருவது குறைவு. கொட்டினால் தேய்க்காமல், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள்.

எந்த மாதம் போகலாம் என்று கேட்பவர்களுக்கு: டிசம்பரில் காற்று சுட்டாலும் தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருக்கும். கடல் மெதுவாகச் சூடாவதால் பிப்ரவரி, மார்ச்சில்தான் 23, 24 டிகிரி வரும். பள்ளி திறந்துவிடுவதால் வார நாட்களில் கூட்டமும் குறைவு. வண்டி நிறுத்த இடம் கிடைப்பது எல்லா இடத்திலும் சிரமம். ஒன்பது மணிக்குமுன் போய்விட்டால் தப்பிக்கலாம். முதல் தடவை போகும் குடும்பத்துக்கு நான் பார்ஸ்லி பேயைச் சொல்வேன். சிறிய வளைவு, குறுக்கே வலை, மேலே 1910இல் கட்டிய தொங்கு நடைபாலம், பின்னால் புல்வெளி. ஒரே பார்வையில் எல்லாப் பிள்ளைகளும் தெரிவார்கள்.

அம்மா மூன்றாவது ஞாயிறு அந்த அடைப்புக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். ஐந்தாவது ஞாயிறு என் கை அடியில் இருக்க, மல்லாந்து மிதந்தார். அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை ராத்திரி துண்டுகளை எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார், "வெள்ளிக்கிழமைதானே அவ்வளவு மழை கொட்டுச்சு. மூணு நாள் ஆகட்டும்."